குமாரசுவாமி: ஒரு தந்தையின் பெயர் குடும்பப் பெயரான கதை

சீகிரியா ஓவியங்களில் இருக்கும் பெண்கள் யார் என்ற கேள்விக்கு மூன்று பதில்கள் உண்டு. அங்கு முதலில் அகழ்வு செய்த எச்.சி.பி. பெல், அவர்கள் அயலிலுள்ள பிதுரங்கல விகாரைக்கு மலர் கொண்டு செல்லும் அரச மகளிர் என்றார். ஆனந்த குமாரசுவாமி, மேகத்துக்கு மேலே இடைவரை மட்டும் தெரியும் தேவமகளிர் என்றார். செனரத் பரணவிதான, மின்னலுக்கும் மேகத்துக்கும் ஓவியன் கொடுத்த பெண்ணுருவங்கள் என்றார். வழிகாட்டிகள் இந்த மூன்று பெயர்களையும் மூச்சு விடாமல் சொல்லிவிட்டு அடுத்த படிக்கட்டுக்குப் போய்விடுவார்கள்.

கடந்த ஆண்டு வேறொரு வேலையாக அங்கு போயிருந்தபோது, யாழ்ப்பாணத்திலிருந்து வந்த பாடசாலைச் சுற்றுலாக் குழு ஒன்றின் பின்னால் ஏறிக்கொண்டிருந்தேன். நடுப்பெயர் காதில் விழுந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "சேர், குமாரசுவாமி எண்டால் எங்கட ஆளா?" ஆசிரியர் "ஓம் பிள்ளை" என்றார். அவள் விடவில்லை. "அப்ப கிருசாந்தி குமாரசுவாமிக்கு அவர் என்ன முறை?" ஆசிரியர் பதில் சொல்லவில்லை. செம்மணி மீண்டும் தோண்டப்பட்ட ஆண்டு அது.

முறை எதுவும் இல்லை என்பதுதான் சுருக்கமான பதில். ஆனால் அந்தப் பிள்ளை கேட்டது நியாயமான கேள்வி. கடந்த இருநூறு ஆண்டுகளில் குமாரசுவாமி என்ற பெயர் சட்டநிரூபண சபையிலும், பொஸ்டன் அருங்காட்சியகத்திலும், சிங்கப்பூர் பாராளுமன்றத்திலும், ஐக்கிய நாடுகள் சபையிலும், இலங்கை மத்திய வங்கியிலும், ஒரு மனிதப் புதைகுழி வழக்கிலும் பதிவாகியிருக்கிறது. இவர்கள் யார், ஒருவருக்கொருவர் என்ன தொடர்பு, ஒரே பெயர் எப்படி இத்தனை பேருக்கு வந்தது என்பதை ஓரிடத்தில் தொகுத்து வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பெயரா, குடும்பப் பெயரா?

குமாரசுவாமி முருகனின் பெயர். நல்லூரும் மாவிட்டபுரமும் கதிர்காமமும் இருக்கும் நாட்டில் அது எங்கும் நிறைந்திருப்பதில் வியப்பில்லை. எந்த ஊரிலும், எந்தக் குடும்பத்திலும், ஒரு தலைமுறையில் ஒரு குமாரசுவாமி பிறந்திருப்பார். ஆகவே பெயர் ஒன்று என்பதைக் கொண்டு குடும்பம் ஒன்று என்று முடிவெடுக்க முடியாது.

சேனநாயக்க, பண்டாரநாயக்க, ராஜபக்ஷ போன்றவை தலைமுறை தலைமுறையாகக் கைமாறும் குடும்பப் பெயர்கள். அமெரிக்காவின் கென்னடி, ரூசவெல்ட் போன்றவையும் அவ்வாறே. எங்களிடம் பொதுவாக அந்த வழக்கம் இல்லை. எங்கள் பெயருக்கு முன்னால் நிற்கும் எழுத்து தந்தையின் பெயர். அடுத்த தலைமுறையில் அந்த எழுத்து மாறிவிடும். குடும்பம் தொடரும், பெயர் தொடராது.

ஆங்கிலேயர் ஆட்சியில் கல்வியும் பதவியும் பெற்ற சில குடும்பங்களில் இது மாறியது. தந்தையின் பெயர் முன்னாலிருந்து பின்னால் போனது. பின்னால் போனது அங்கேயே உறைந்துவிட்டது. ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் சொந்தப் பெயரான பொன்னம்பலம், மகன் குமாருக்கும் பேரன் கஜேந்திரகுமாருக்கும் குடும்பப் பெயரானதை எங்கள் காலத்திலேயே பார்க்கிறோம். குமாரசுவாமிக்கு அது நூறு ஆண்டுகளுக்கு முன்னரே நடந்துவிட்டது.

எனவே ஒரு குமாரசுவாமியைச் சந்திக்கும்போது முதலில் கேட்க வேண்டியது, அது அவருடைய சொந்தப் பெயரா, தந்தையின் பெயரா, பாட்டனின் பெயரா என்பதுதான்.

கேற் முதலியாரின் வழி

இந்த வரிசையின் தொடக்கத்தில் நிற்பவர் கேற் முதலியார் ஆறுமுகம்பிள்ளை குமாரசுவாமி. பருத்தித்துறைப் பக்கத்திலிருந்து வந்து கொழும்பில் அரச மொழிபெயர்ப்பாளராக உயர்ந்தவர். 1833இல் சட்டநிரூபண சபை அமைக்கப்பட்டபின் அதில் தமிழர் பிரதிநிதியாக அமர்ந்தவர். 1836இல் இறந்தார். அப்போது அவருடைய மகன் முத்து சிறு குழந்தை.

அந்தக் குழந்தைதான் பின்னாளில் சேர் முத்து குமாரசுவாமி. தமிழ்க் காதுக்கு 'முத்துக்குமாரசுவாமி' என்று ஒரே பெயராகவும் கேட்கும். ஆங்கிலப் பதிவேட்டில் அது முத்து என்றும் குமாரசுவாமி என்றும் இரண்டாகப் பிரிந்து நின்றது. 1863இல் இலண்டனில் பாரிஸ்டரானார். அதே ஆண்டு அரிச்சந்திரன் கதையை ஆங்கில நாடகமாக வெளியிட்டார். 1874இல் சேர் பட்டம் பெற்றார். அதே ஆண்டில் பாளி மொழியின் சுத்த நிபாதத்திலிருந்து ஒரு பகுதியையும் ஆங்கிலத்தில் தந்தார். சைவத் தமிழர் ஒருவர் பௌத்த நூலை ஆங்கில உலகுக்கு அறிமுகம் செய்த காலம் அது. 1879 மே 4இல் அவர் இறந்தபோது மகன் ஆனந்தாவுக்கு இரண்டு வயதும் நிறையவில்லை.

இரண்டு தலைமுறைகளில் ஒரே விடயம் நடந்திருக்கிறது. முத்துவுக்கும் தந்தையின் முகம் நினைவிருந்திருக்காது; ஆனந்தாவுக்கும் இருந்திருக்காது. இருவரும் பார்த்துப் பழகாத ஒருவரின் பெயரையே வாழ்நாள் முழுவதும் சுமந்தார்கள். அதைத் தங்கள் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைத்தார்கள்.

முதலியாரின் மகள் செல்லாச்சி வழியில் இன்னொரு கிளை போகிறது. அவர் அருணாசலம் பொன்னம்பலத்தை மணந்தார். அவர்களுக்கு மூன்று ஆண்பிள்ளைகள்: பொ. குமாரசுவாமி (1849-1906), பொ. இராமநாதன் (1851-1930), பொ. அருணாசலம் (1853-1924). மூத்தவருக்குப் பாட்டன் பெயர். ஆக அதே வீட்டில் மாமனுக்குக் குமாரசுவாமி தந்தை பெயர். மருமகனுக்கு அது சொந்தப் பெயர்.

முத்து இறந்ததும் அவருடைய சட்டநிரூபண சபை ஆசனம் இராமநாதனுக்குப் போனது. 1893இல் அது பொ. குமாரசுவாமிக்கு வந்தது; 1898 வரை இருந்தார். இராமநாதனும் அருணாசலமும் பாடப்புத்தகத்தில் இருக்கிறார்கள். அண்ணன் குமாரசுவாமியை நாம் ஏறத்தாழ மறந்துவிட்டோம். அருணாசலம் 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரசின் முதல் தலைவரானார் என்பதும், சில ஆண்டுகளில் மனம் கசந்து அதிலிருந்து விலகினார் என்பதும் வாசகர் அறிந்ததே.

ஆனந்தா: கண்டியிலிருந்து பொஸ்டனுக்கு

ஆனந்த கென்டிஷ் குமாரசுவாமி 1877 ஓகஸ்ட் 22இல் கொழும்பில் பிறந்தார். தாய் எலிசபெத் கிளே பீபி இங்கிலாந்தின் கென்ட் பகுதியைச் சேர்ந்தவர்; நடுப்பெயர் அங்கிருந்து வந்தது. தந்தை இறந்தபின் இங்கிலாந்தில் வளர்ந்தார். படித்தது புவிச்சரிதவியலும் தாவரவியலும். 1903 முதல் 1906 வரை இலங்கையில் கனிம அளவீட்டின் பணிப்பாளராக இருந்தார். தோரியனைற் என்ற கனிமத்தை அடையாளம் கண்டவர் அவரே.

பாறை தேடி ஊர் ஊராகப் போனவர், கண்டிப் பிரதேசத்துக் கைவினைஞர்களைக் கண்டார். மாத்தளையும் சேர்ந்த அந்த மலைநாட்டில் பழைய விகாரைகளின் ஓவியங்கள் சுண்ணாம்பு பூசி அழிக்கப்படுவதையும், பரம்பரைத் தொழில்கள் கைவிடப்படுவதையும் பார்த்தார். 1905இல் கண்டித் தலைவர்களுக்குப் பகிரங்கக் கடிதம் எழுதினார். 1908இல் 'இடைக்காலச் சிங்களக் கலை' என்று பொருள்படும் பெரிய நூலை வெளியிட்டார். இங்கிலாந்தில் தன் வீட்டருகே, வில்லியம் மொரிஸ் பயன்படுத்திய அச்சியந்திரத்திலேயே அது அச்சாகியது. மொத்தம் 425 பிரதிகள். சிங்களக் கலையைப் பற்றிய அடிப்படை நூலாக இன்றும் அது எடுத்தாளப்படுகிறது. எழுதியவர் தமிழர். தொல்லியல் திணைக்களத்தின் பெயர்ப்பலகையைக் கண்டாலே குருந்தூர்மலையும் வெடுக்குநாறியும் நினைவுக்கு வரும் எங்களுக்கு, மரபைக் காப்பது என்றால் அடுத்தவரின் மரபையும் சேர்த்துக் காப்பது என்று ஒருவர் நினைத்த காலமும் இருந்தது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

முதலாம் உலகப் போரில் பிரித்தானியாவுக்காகப் போரிட அவர் விரும்பவில்லை. 1917இல் அமெரிக்கா சென்றார். அவர் சேகரித்த இந்தியக் கலைப்பொருட்களை டென்மன் ரொஸ் என்ற செல்வந்தர் வாங்கிப் பொஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவற்றின் காப்பாளராக ஆனந்தா அமர்ந்தார். அதன்பின் முப்பது ஆண்டுகள் அங்கேதான். 1947 செப்டெம்பர் 9இல், இந்தியா சுதந்திரம் பெற்ற மறுமாதம், மசாசுசெட்ஸ் மாநிலத்தில் இறந்தார். அமெரிக்காவில் இந்தியக் கலை என்றொரு துறை உருவானதற்கு அவரே முதற் காரணம்.

அங்கு பிறந்த மகன் ராமா குமாரசுவாமி (1929-2006) இதய அறுவைச் சிகிச்சை நிபுணர். பின்னர் மனநல மருத்துவரானார். பழைமை மரபைப் பேணும் கத்தோலிக்கக் குருவுமானார். பருத்தித்துறை முதலியாரின் பெயர் இப்படி அமெரிக்கக் குடும்பப் பெயராகிவிட்டது.

சீகிரியாவை விட்டு நகரும் முன் இன்னொன்று. ஓவியங்களுக்குக் கீழேயுள்ள கண்ணாடிச் சுவரில் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஏறி வந்தவர்கள் கவிதைகள் கீறியிருக்கிறார்கள். பரணவிதான 1956இல் அவற்றில் 685ஐப் படித்து வெளியிட்டார். பலர் தங்கள் பெயரையும் ஊரையும் சேர்த்தே எழுதியிருக்கிறார்கள். அவர்களைப் பற்றி இன்று தெரிந்தது அந்த ஒரு வரிதான். 2015 பெப்ரவரியில் மட்டக்களப்பு மாவட்டத்துத் தமிழ் இளம்பெண் ஒருவர் அதே சுவரில் தன் பெயரைக் கீறினார். தொல்பொருட் சட்டத்தின்கீழ் தம்புள்ள நீதிமன்றம் அவருக்கு இரண்டு ஆண்டுச் சிறை விதித்தது. பலரும் முறையிட்டபின் ஜனாதிபதி மன்னிப்பில் ஏப்ரல் இறுதியில் விடுதலையானார். சுவர் காக்கப்பட வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் எங்காவது தன் பெயர் நிற்க வேண்டும் என்று நினைத்ததில் அவருக்கும் அந்தப் பழைய பயணிகளுக்கும் வித்தியாசம் இல்லை.

யாழ்ப்பாணத்துக் குமாரசுவாமிகள்

கொழும்புக் கிளைக்கு வெளியே, இப்பெயரைச் சொந்தப் பெயராகக் கொண்டவர்கள் இருவரைக் குறிப்பிட வேண்டும்.

சுன்னாகம் அ. குமாரசுவாமிப் புலவர் (1854-1922) ஆறுமுக நாவலருக்குப் பின்வந்த தலைமுறையின் பெரிய தமிழறிஞர்களில் ஒருவர். உரையாசிரியர், பதிப்பாசிரியர். அவருடைய 'தமிழ்ப் புலவர் சரித்திரம்' பலருடைய பெயர் மறக்கப்படாமல் இருப்பதற்குக் காரணமான நூல். முன்னாலுள்ள 'அ' தந்தையான அம்பலவாணரைக் குறிக்கும். இங்கே குமாரசுவாமி எவருடைய குடும்பப் பெயரும் அல்ல.

வி. குமாரசுவாமி சாவகச்சேரியின் முதலாவது பாராளுமன்ற உறுப்பினர். 1947இலும் 1952இலும் தமிழ்க் காங்கிரஸ் சார்பில் தெரிவானார். 1956இன் அலையில் அந்தத் தொகுதி தமிழரசுக் கட்சியிடம் போனது.

கடல் கடந்தவர்கள்

சிங்கப்பூரில் பஞ்ச் குமாரசுவாமி 1966 முதல் 1970 வரை பாராளுமன்ற சபாநாயகராக இருந்தார். பின்னர் அமெரிக்காவுக்கான தூதுவராகவும் உயர் நீதிமன்ற நீதிபதியாகவும் பணியாற்றினார்.

மலேசியாவில் பரம் குமாரசுவாமி வழக்கறிஞர் மன்றத்தின் தலைவராக இருந்தவர். 1994இல் நீதிபதிகளினதும் சட்டத்தரணிகளினதும் சுதந்திரம் தொடர்பான ஐ.நா. விசேட அறிக்கையாளரானார். தன் நாட்டு நீதித்துறை பற்றி ஒரு சஞ்சிகைக்கு அவர் கொடுத்த செவ்விக்காக மலேசிய நீதிமன்றங்களில் பெருந்தொகை கேட்டு அவதூறு வழக்குகள் தொடுக்கப்பட்டன. விவகாரம் ஹேக்கிலுள்ள சர்வதேச நீதிமன்றம் வரை போனது. 1999 ஏப்ரல் 29இல் அந்நீதிமன்றம், ஐ.நா. பணியில் சொன்ன சொல்லுக்காக அவர்மீது உள்நாட்டில் வழக்கு நடத்த முடியாது என்று கருத்துரைத்தது. ஐ.நா. நிபுணர் ஒருவர் எங்கள் நாட்டுக்கு வந்து அச்சமின்றிப் பேசும்போது, அவருக்குப் பின்னால் நிற்கும் பாதுகாப்பில் இந்தக் குமாரசுவாமியின் வழக்கும் ஒன்று.

தமிழ்நாட்டில் இதே பெயர் வேறு விதமாக ஒளிந்திருக்கிறது. பூ.ச. குமாரசுவாமி ராஜா 1949 முதல் 1952 வரை சென்னை மாகாணத்தின் முதல்வர். 1954இல் அப்பதவிக்கு வந்த கு. காமராஜின் 'கு' தந்தையான குமாரசாமி நாடார். ஒருவருக்கு முழுப்பெயராக நின்றது இன்னொருவருக்கு ஓர் எழுத்தாக நின்றது. கர்நாடகத்தின் எச்.டி. குமாரசாமிக்கோ அது சொந்தப் பெயர். அவரது தந்தை தேவகௌடா என்பது 'டி' எழுத்துக்குள் இருக்கிறது.

ராதிகாவும் இந்திரஜித்தும்

எங்கள் காலத்தில் இப்பெயரை உலகுக்குச் சொன்னவர்கள் ஒரு குடும்பத்தின் இரு பிள்ளைகள். தந்தை ராஜு குமாரசுவாமி இலங்கை சிவில் சேவையிலிருந்து ஐ.நா. அபிவிருத்தித் திட்டத்தின் உயர் பதவிக்குச் சென்றவர்.

மகன் இந்திரஜித் பொருளியலாளர். இலங்கை றக்பி அணியின் தலைவராக இருந்தவர் என்பது பலருக்குத் தெரியாது. 2016 ஜூலை முதல் 2019 டிசெம்பர் வரை மத்திய வங்கி ஆளுநர். பிணைமுறி விவகாரத்தால் வங்கியின் பெயர் கெட்டிருந்த வேளையில் பொறுப்பேற்றவர். அவருடைய கையொப்பமிட்ட நாணயத்தாள்கள் இன்றும் புழக்கத்தில் உண்டு.

மகள் ராதிகா (பிறப்பு 1953) அமெரிக்காவில் யேல், கொலம்பியா, ஹார்வர்ட் பல்கலைக்கழகங்களில் கற்ற சட்டவியலாளர். 1994இல் பெண்களுக்கெதிரான வன்முறை தொடர்பான முதலாவது ஐ.நா. விசேட அறிக்கையாளரானார். 1994 முதல் 2003 வரையான அதே காலத்தில் ஐ.நா.வின் இரண்டு விசேட அறிக்கையாளர்கள் குமாரசுவாமிகளாக இருந்தார்கள்: நீதித்துறைக்குப் பரம், பெண்களுக்கு ராதிகா. ஆங்கிலத்தில் முதலெழுத்துகள் சற்று வேறுபட்டதால் கோப்புகள் மாறவில்லை போலும்.

பின்னர் ராதிகா இலங்கை மனித உரிமைகள் ஆணைக்குழுவின் தலைவராகவும், 2006 முதல் 2012 வரை சிறுவர்களும் ஆயுத மோதலும் என்ற விடயத்துக்கான ஐ.நா. செயலாளர் நாயகத்தின் விசேட பிரதிநிதியாகவும் இருந்தார். 2017இல் மியன்மார் பற்றிய ஐ.நா. உண்மை கண்டறியும் குழுவின் மூவரில் ஒருவர்.

அவரைப் பற்றிய தமிழர் மதிப்பீடு ஒரே மாதிரியானதல்ல. விடுதலைப் புலிகளின் சிறுவர் சேர்ப்பை அவரது அலுவலகம் தொடர்ந்து கண்டித்தது. 2006இல் அவர் அனுப்பிய அலன் றொக், கருணா குழு சிறுவர்களைச் சேர்ப்பதற்கு அரச படையின் ஒரு பகுதியினர் உடந்தை என்று வெளிப்படையாகச் சொன்னார். 2009 மே மாதத்தில் அவர் அப்பதவியிலேயே இருந்தார். முள்ளிவாய்க்காலில் நின்றவர்கள், ஐ.நா.வின் எந்தப் பெயரையும் அந்த மே மாதத்தை வைத்தே அளக்கிறார்கள். ஐ.நா. தன் கடமையில் தவறியது என்று 2012இல் அதன் சொந்த உள்ளக மீளாய்வே சொல்லிவிட்ட பிறகு, அவர்களைக் குறைசொல்ல முடியாது.

ஆனாலும் அவருடைய ஒரு அறிக்கையை இங்கே தனியாகக் குறிப்பிட வேண்டும். இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியப் படையினர் பாலியல் அடிமைகளாக்கிய கொரியப் பெண்களைப் பற்றியது அது. கிழக்காசியாவில் இன்றும் அதை 'குமாரசுவாமி அறிக்கை' என்றே அழைக்கிறார்கள். நடந்தது பாலியல் அடிமைத்தனமே, அரசு சட்டப் பொறுப்பை ஏற்க வேண்டும், பாதிக்கப்பட்டவர்களுக்கு இழப்பீடு கொடுக்க வேண்டும் என்றது. 2014இல் அதன் ஒரு பகுதியைத் திருத்தும்படி ஜப்பான் அரசு கேட்டது. அவர் மறுத்தார்.

அந்த அறிக்கை வெளியான ஆண்டு 1996.

1996 செப்டெம்பர் 7

அதே ஆண்டு செப்டெம்பர் 7ஆம் திகதி, சுண்டிக்குளி மகளிர் கல்லூரி மாணவி கிருசாந்தி குமாரசுவாமி உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பிக்கொண்டிருந்தார். வயது 18. செம்மணிச் சோதனைச்சாவடியில் மறிக்கப்பட்டார். கூட்டு வன்புணர்வுக்கு உள்ளாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார். தேடிப்போன தாயும் தம்பியும் அயலவர் ஒருவரும் கொல்லப்பட்டுப் புதைக்கப்பட்டார்கள்.

1998 ஜூலை 3இல் கொழும்பு மேல் நீதிமன்றம் படையினருக்கு மரண தண்டனை விதித்தது. அப்போது குற்றவாளிகளில் ஒருவரான சோமரத்ன ராஜபக்ஷ, செம்மணியில் 300 முதல் 400 வரையான உடல்கள் புதைக்கப்பட்டுள்ளன என்று நீதிமன்றத்தில் சொன்னார். 1999இல் தோண்டியபோது 15 பேரின் எச்சங்கள் எடுக்கப்பட்டன. அத்துடன் விடயம் அடங்கிப்போனது. 2025 பெப்ரவரியில் செம்மணி சித்துப்பாத்தி இந்து மயானத்தில் கட்டட வேலைக்காக மண் வெட்டியபோது எலும்புகள் வெளிப்பட்டன. நீதிமன்றக் கண்காணிப்பில் நடந்த அகழ்வில் இருநூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் அடையாளம் காணப்பட்டன. அவற்றில் சிறுவர்களுடையவையும் உண்டு. நீல நிறப் பாடசாலைப் பை ஒன்றும் எடுக்கப்பட்டது.

கிருசாந்தி எந்தச் சபையிலும் அமர்ந்தவரல்ல. நூல் எழுதியவரல்ல. இரசாயனவியல் படித்துக்கொண்டிருந்த பிள்ளை. இருந்தும் இந்த வரிசையிலுள்ள பெயர்களில் வடக்கிலுள்ள எந்த வீட்டிலும் விளக்கம் சொல்லாமல் புரியும் பெயர் அவருடையதே. போரில் பெண்களுக்கு நடந்தது பற்றி ஒரு குமாரசுவாமி ஜெனீவாவில் அறிக்கை சமர்ப்பித்த ஆண்டிலேயே இன்னொரு குமாரசுவாமிக்கு அது நடந்தது. இருவருக்கும் உறவில்லை. இருவருக்கும் பின்னால் நிற்பது ஒரு தந்தையின் பெயர் என்பது மட்டுமே பொது.

சுற்றுலா வந்த அந்த மாணவிக்கு ஆசிரியர் இதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் படிக்கட்டில் நின்று சொல்லக்கூடிய கதை அல்ல இது.

எழுத்துக்கூட்டலில் தொலைந்தவர்கள்

தமிழில் குமாரசுவாமி, குமாரசாமி என இரண்டு வடிவங்கள்தான். ஆங்கிலத்தில் அது பல பெயர்களாகிவிடுகிறது. ஆனந்தாவும் ராதிகாவும் 'சி' எழுத்தில் தொடங்கி இரண்டு 'ஓ' போடுகிறார்கள். பரம் 'சி', 'யு'. கிருசாந்தியின் பெயரைப் பத்திரிகைகள் 'கே', 'யு' என்று எழுதின. முதல் வகை பெரும்பாலும் பழைய கொழும்புக் குடும்பங்களுடையது. கடைசி வகை, கிராமத்தில் பதிவாளர் காதில் விழுந்தபடி எழுதியது. அகரவரிசைப் பட்டியலில் ஒருவர் 'சி'யின் கீழும் மற்றவர் 'கே'யின் கீழும் போய்விடுவார்கள்.

இது வெறும் மொழி விடயம் என்று நானும் எண்ணியிருக்கலாம், காணாமலாக்கப்பட்டோரின் குடும்பங்களோடு பேசத் தொடங்காமல் இருந்திருந்தால். வன்னியில் ஒரு அம்மா தன் பொலித்தீன் உறையைத் திறந்து வெவ்வேறு அலுவலகங்களிலிருந்து வந்த ஐந்து கடிதங்களைக் காட்டினார். மகனின் பெயர் அவற்றில் மூன்று விதமாக இருந்தது. ஒன்றில் தந்தையின் பெயரே மகனின் பெயராகப் பதிவாகியிருந்தது. தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் எழுதி, அதை ஆங்கிலத்தில் மாற்றி, திரும்பவும் தமிழுக்குக் கொண்டுவந்ததில் வந்த வினை. அந்த அம்மா கேட்டது இதுதான்: "தம்பி, ஆளைத் தேடுறது இருக்கட்டும். பேரையே பிழையாய்த் தேடினால் எப்பிடிக் கிடைக்கும்?"

புலம்பெயர்ந்த நாடுகளில் இன்னொரு சிக்கல். குமாரசுவாமி என்பவரின் மகன் சிவபாலன் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாட்டில் அவருடைய குடும்பப் பெயர் குமாரசுவாமி ஆகும். அவருடைய பிள்ளைகளுக்கும் அதுவே போகும். இன்னொரு நாட்டில் வாழும் தம்பியின் பிள்ளைகளுக்குத் தம்பியின் சொந்தப் பெயர் குடும்பப் பெயராகும். இரண்டு தலைமுறை கழிந்தால், இவர்கள் ஒரே பாட்டனின் பேரர்கள் என்பதை எந்தப் பதிவேடும் சொல்லாது. மரபணுச் சோதனைக்கு உறவினரைத் தேடும் நாள் வந்தால் இந்த இடைவெளி பெரிதாகத் தெரியும்.

ஆகவே சில எளிய காரியங்களைச் சொல்லி முடிக்கிறேன். காணாமலாக்கப்பட்டவர் குறித்து எங்கு முறைப்பாடு செய்தாலும், தந்தையின் பெயரை முதலெழுத்தாகச் சுருக்காமல் முழுமையாக எழுதுங்கள். எது சொந்தப் பெயர், எது தந்தையின் பெயர் என்று தனித்தனியே குறிப்பிடுங்கள். அடையாள அட்டையிலும் பிறப்புச் சான்றிதழிலும் பாடசாலைப் பதிவிலும் பெயர் வெவ்வேறாக இருந்தால், எல்லா வடிவங்களையும் ஒரே தாளில் எழுதி இணையுங்கள். பிறந்த திகதியும் அடையாள அட்டை இலக்கமும் பெயரைவிட நம்பகமானவை, அவற்றை மறக்காதீர்கள். வீட்டில் அழைத்த பெயரையும் சேருங்கள். கூட இருந்தவர்களுக்கு அதுதான் நினைவிருக்கும். வெளிநாட்டிலுள்ள சகோதரர்களின் இன்றைய பெயர்களை ஓரிடத்தில் குறித்து வையுங்கள்.

இன்னுமொன்று. பிள்ளையின் பாடசாலைப் படிவத்தில் தந்தையின் பெயருக்கு முன் 'காலஞ்சென்ற' என்று எழுதச் சொல்வார்கள். எழுத மறுத்த தாய்மார் பலரை எனக்குத் தெரியும். அவர்கள் மறுப்பது சரி. ஒருவர் இறந்துவிட்டார் என்று ஒப்புக்கொள்ளாமலே, அவர் காணாமற்போயிருக்கிறார் என்பதை மட்டும் உறுதிப்படுத்தும் சான்றிதழுக்கு 2016ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் இடமளித்திருக்கிறது. அதைக் கேட்டுப் பெறலாம்.

முத்து குமாரசுவாமியும் ஆனந்த குமாரசுவாமியும் தாங்கள் அறியாத தந்தையரின் பெயரை முழுதாக எழுதியதால்தான் அந்தத் தந்தையர் இன்றும் யார் என்று தெரிகிறது. 2009இல் கைக்குழந்தையாக இருந்த பிள்ளைகள் இப்போது உயர்தரப் பரீட்சை எழுதுகிறார்கள். அவர்களுடைய பெயருக்கு முன்னாலுள்ள அந்த ஓர் எழுத்தை விரித்து எழுதப் பழக்குங்கள்.